பத்து மணிக்கு மேல் ஃபிளை லைன் ஓடுவதில்லை: கையின் குறையா, கருவியின் குறையா?

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். மூங்கில் கழியும் தக்கையும் மண்புழுவுமாக வாய்க்காலில் மீன் பிடித்துப் பழகியவன் நான். வெளிநாட்டில் இருக்கும் என் மைத்துனர் ஊருக்கு வந்திருந்தபோது, தாம் அங்கே ஃபிளை (முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய்யிரை) வீசப் பயன்படுத்தி வந்த ஃபிளை ராடையும் ரீலையும் மிதக்கும் லைனையும் எனக்குக் கொடுத்துவிட்டுச் சென்றார். ராடு 9 அடி நீளம். அதன் மேல் 5 என்று எண் இருக்கிறது. லைன் வந்த பெட்டி இல்லாததால் அது எந்த எண், எந்த வகை என்பது தெரியவில்லை. எங்கள் தோட்டத்துக் குட்டையில் ஜிலேபியும் சிறு கெண்டையும் நிறைய இருக்கின்றன. ஓரத்துக் கோரைக்குள் விராலும் உண்டு.

பிரச்சினை இதுதான். விடிந்ததும் எறிந்தால் லைன் நாற்பது அடி வரை நேராகப் போகிறது. பத்து மணிக்கு மேல், அதே கையால், அதே வேகத்தில் எறிந்தாலும் இருபத்தைந்து அடியைத் தாண்டுவதில்லை. லைன் ராட்டின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது; இரண்டு வளையங்களுக்கு நடுவே தொய்ந்து தொங்குகிறது. எட்டிப் போய் விழுந்தாலும் லீடர் (லைனையும் ஃபிளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு) விரிவதில்லை. ஃபிளையின் மேலேயே கொத்தாக விழுகிறது. விராலுக்காக நானே ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிச் செய்த பாப்பரை (தண்ணீர் மேல் மிதக்கும் பொய்யிரை) கட்டினால் நிலைமை இன்னும் மோசம். சில நேரங்களில் பின்பக்கம் சாட்டையடி போலச் சத்தம் கேட்கிறது. பார்த்தால் நரம்பின் நுனியில் ஃபிளை இருப்பதில்லை.

என் கைதான் சரியில்லை, காலையில் இருக்கும் தெம்பு வெயில் ஏறியதும் போய்விடுகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தாராபுரத்திலிருந்து

தம்பிக்கு வணக்கம். நீங்கள் எழுதியிருப்பது ஆடி மாதம் என்பதால் முதலில் காற்றைச் சந்தேகப்படுகிறேன். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நெருக்கிக்கொண்டு நம் பக்கம் பாய்கிறது. உடுமலை, தாராபுரம், பல்லடம் சுற்றுவட்டாரத்தில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். விடியற்காலையில் அடங்கியிருக்கும் காற்று வெயில் ஏற ஏற வலுக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் ஊரில், காற்றை எதிர்த்து மெல்லிய நரம்பு விரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

காற்று மேற்கிலிருந்து வருவதால் குட்டையின் மேற்குக் கரையில், காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். பின்வீச்சைத் தாழ்வாகவும் இறுக்கமாகவும் கொடுத்து, முன்வீச்சைச் சற்று உயரத்தில் நிறுத்தினால் மிச்ச வேலையைக் காற்றே செய்துவிடும். காற்றை எதிர்த்துத்தான் எறிந்தாக வேண்டும் என்றால் இதை அப்படியே மாற்றிச் செய்யுங்கள்: பின்வீச்சு உயரமாக, முன்வீச்சு தண்ணீரை ஒட்டித் தாழ்வாக.

வலக்கைக்காரருக்கு வலப்பக்கத்திலிருந்து வீசும் காற்றுதான் ஆபத்து. அது முள்ளைக் கொண்டுவந்து காதிலோ கண்ணிலோ தைத்துவிடும். அப்போது ராடை இடத்தோளுக்கு மேலாகச் சாய்த்து எறியுங்கள். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் இந்த மாதத்தில் எறியவே வேண்டாம்.

பதில்: கோயம்புத்தூரிலிருந்து

காற்று ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் காற்றினால் லைன் வளையத்தில் ஒட்டாது. ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்குவதே நல்லது. முதலில் லைனின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். தக்கைத் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை வீச்சில் ஃபிளைக்கு எடையே இல்லை, லைன்தான் எடை. அந்த எடை ராடை வளைக்கப் போதவில்லை என்றால் எவ்வளவு பலம் போட்டாலும் பயனில்லை.

லைனின் எண் என்பது அதன் முன்பகுதி 30 அடியின் எடையைக் குறிப்பது. 5 எண் லைனுக்கு அது 140 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 9.1 கிராம். 4 எண்ணுக்கு 120 கிரெய்ன், 7.8 கிராம், 6 எண்ணுக்கு 160 கிரெய்ன், 10.4 கிராம். லீடரைக் கழற்றிவிட்டு, லைனின் முனையிலிருந்து 30 அடி அளந்து, அந்த இடத்தில் நூலால் அடையாளம் கட்டுங்கள். அந்தப் பகுதியை மட்டும் சுருட்டி, தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்துத் தரச் சொல்லுங்கள். மில்லிகிராம் வரை துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள். எடை மிகக் குறைவாக, நான்கைந்து கிராம் என்று வந்தால், லைனைத் தலைகீழாகச் சுற்றியிருக்கிறார்கள் என்று பொருள். முன்கனம் உள்ள லைன்களில் ஒரு முனைப் பகுதி தடிமனாகவும் மறுபக்கம் நெடுக மெல்லியதாகவும் இருக்கும்; அவசரத்தில் சுற்றும்போது மெல்லிய முனை வெளியே வந்துவிடுவது உண்டு.

சாட்டைச் சத்தத்துக்கு விடை எளிது. லைன் பின்னால் முழுவதும் விரிவதற்குள் முன்னால் இழுக்கிறீர்கள். தலையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள், லைன் நேரானதும் முன்வீச்சைத் தொடங்குங்கள். வெளியே இருக்கும் லைன் நீள நீள இந்தக் காத்திருப்பும் நீளும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. கடைவீதியில் தெரிந்த நகைக்கடையில் நிறுத்தேன். ஒன்பது கிராமுக்குச் சற்று மேல் காட்டியது. ஆகவே லைன் 5 எண்தான், தலைகீழாகவும் இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்து எறியத் தொடங்கியதும் சாட்டைச் சத்தம் நின்றுவிட்டது. தாராபுரத்து அண்ணன் சொன்னபடி மேற்குக் கரைக்கு மாறியதில் திசை சரியானது. ஆனால் வெயில் ஏறியதும் வளையங்களில் ஒட்டுவது மட்டும் அப்படியே இருக்கிறது. நேற்று காற்றே இல்லாத ஒரு மதியத்திலும் ஒட்டியது.

பதில்: கரூரிலிருந்து

காற்றில்லாத மதியத்திலும் ஒட்டியது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி போதும். இது வெப்பத்தின் வேலை. கரூரில் பங்குனி தொடங்கியதிலிருந்து இதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

ஃபிளை லைன் என்பது உள்ளே ஒரு நூல், அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு. குளிர்நாடுகளில் டிரவுட் மீனுக்காக விற்கப்படும் லைன்களில், பனிக்குளிர்ந்த தண்ணீரிலும் சுருள் விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பூச்சை மிருதுவாகச் செய்கிறார்கள். உள்நூலும் மென்மையாகவே இருக்கும். அதே லைன் நம் ஊர் வெயிலில் இளகிப் பிசுபிசுத்து, விறைப்பை இழந்துவிடுகிறது. வளையங்களுக்கு நடுவே தொய்ந்து தொங்குகிறது என்று நீங்கள் சொன்னது அதைத்தான். வெப்ப நாடுகளுக்கென்றே கடினமான பூச்சும் விறைப்பான உள்நூலும் கொண்ட லைன்கள் தனியாக உண்டு. பெட்டியின் மேல் வெப்பமண்டலப் பயன்பாட்டுக்கு என்று குறிப்பு இருக்கும்.

செலவு செய்வதற்கு முன் சோதித்துப் பாருங்கள். மதியத்தில் லைன் ஒட்டத் தொடங்கியதும், எறிவதை நிறுத்தி, வெளியே இருக்கும் லைன் முழுவதையும் நிழலில் வைத்த ஒரு வாளித் தண்ணீரில், கிணற்றுத் தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது, சிறிது நேரம் மூழ்க வையுங்கள். ராட்டின் வளையங்களையும் ஈரத்துணியால் துடையுங்கள். எடுத்தவுடன் எறிந்தால் காலையில் போனது போலப் போகிறதா, சற்று நேரத்தில் மறுபடியும் ஒட்டுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஐயமே வேண்டாம். மூழ்க வைத்தும் மாற்றம் இல்லை என்றால் அழுக்குதான் காரணம். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பைக் கரைத்து, துணியால் உருவிக் கழுவினால் போதும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கொசுவிரட்டிக் களிம்பு தடவிய கையால் லைனைப் பிடிக்கிறீர்களா? பல களிம்புகளில் இருக்கும் டீட் என்னும் வேதிப்பொருள் இந்தப் பிளாஸ்டிக் பூச்சைக் கரைத்துவிடும். அந்தச் சேதத்தைக் கழுவிச் சரிசெய்ய முடியாது.

கேள்வி கேட்டவர்

ஐயா, சொன்னபடியே செய்தேன். கிணற்றுத் தண்ணீரில் ஊறிய லைனை எடுத்து எறிந்ததும் குட்டையின் நடுவரை போய் விழுந்தது. கரையில் விழுந்து கிடந்த லைன் காய்ந்ததும் மறுபடியும் விரலில் ஒட்டத் தொடங்கியது. களிம்பு நான் பயன்படுத்துவதில்லை. இனி வெயில் காலத்துக்குத் தனி லைன் வாங்கும் வரை விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும் மட்டும் எறிவது என்று முடிவு செய்திருக்கிறேன். மீனும் அந்த நேரத்தில்தான் மேலே வருகிறது.

மிச்சம் இருப்பது லீடர் கொத்தாக விழும் குறை. மைத்துனர் கொடுத்த லீடர் தீர்ந்துபோய், இப்போது 0.20 மி.மீ. நரம்பை 9 அடி வெட்டி நேரடியாக லைனில் கட்டியிருக்கிறேன்.

பதில்: திருப்பூரிலிருந்து

தம்பி, உங்கள் கடைசி வரியில்தான் காரணம் இருக்கிறது. லைனில் ஓடிவரும் விசை படிப்படியாக மெலிந்துகொண்டே போய் ஃபிளையைத் திருப்பிப் போட வேண்டும். தடித்த லைனின் முனையில் திடீரென்று மெல்லிய நரம்பு வந்தால் விசை அந்த முடிச்சிலேயே செத்துவிடுகிறது. லீடர் அடியில் தடித்து நுனியில் மெலிந்திருப்பது இதற்காகத்தான்.

விலைக்கு வாங்க வேண்டியதில்லை, நம் ஊர்த் தூண்டில் கடை நரம்பிலேயே கட்டிக்கொள்ளலாம். நான் ஏழரை அடிக்குக் கட்டும் கணக்கைச் சொல்கிறேன். லைனை ஒட்டி 0.50 மி.மீ. நரம்பில் 36 அங்குலம், அடுத்து 0.40இல் 18 அங்குலம், பிறகு 0.30இலும் 0.25இலும் 9 அங்குலம் வீதம், கடைசியில் 0.20இல் 18 அங்குலம். இந்தக் கடைசித் துண்டைத்தான் டிப்பெட் என்கிறோம். ஃபிளையை மாற்ற மாற்ற அது குறையும், அதை மட்டும் புதுப்பித்துக்கொண்டால் போதும். துண்டுகளை இணைக்க, அடுத்தடுத்த இரண்டையும் ஒரு சாண் அளவுக்கு அருகருகே வைத்து, சேர்த்தே ஒரு வளையம் போட்டு, நுனித் துண்டு முழுவதையும் மற்றதன் வால்முனையையும் வளையத்துக்குள் இரண்டு முறை நுழைத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி, நான்கு முனைகளையும் ஒருசேர இழுத்து இறுக்குங்கள். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வின் சூட்டில் முடிச்சு பலவீனமாகிவிடும்.

ஃபிளையின் அளவுக்கும் டிப்பெட்டுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ டிப்பெட்டின் எக்ஸ் எண் வரும். எக்ஸ் என்பது நரம்பின் தடிமனைச் சொல்லும் எண், அது கூடக் கூட நரம்பு மெலியும். ஜிலேபிக்கு ஏற்ற 12ஆம் எண் முள்ளுக்கு 4 எக்ஸ், அதாவது 0.18 மி.மீ. அளவு. உங்கள் செருப்பு ரப்பர் பாப்பர் 4ஆம் எண் முள்ளாக இருந்தால் அதற்கு 1 எக்ஸ், 0.25 மி.மீ. தேவை. 0.20 நரம்பால் அதைத் திருப்பவே முடியாது. வெளிப்படையாகச் சொன்னால், விராலுக்குக் கோரைக்குள் பாப்பர் எறிய 5 எண் ராடு போதாது; 8 எண் வேண்டும். விரால் கடித்ததும் கோரைக்குள் பாயும்போது அதை நிறுத்தி இழுக்கும் வலு உங்கள் ராடுக்கு இல்லை, வாயில் முள்ளோடும் நரம்போடும் அது அறுத்துக்கொண்டு போவது நமக்கும் நல்லதல்ல, மீனுக்கும் நல்லதல்ல. இந்த ராடை ஜிலேபிக்கும் கெண்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிலேபிக்கு வாய் சிறியது. சேவலின் கழுத்து இறகைச் சுற்றிய சிறிய ஃபிளை போதும். கடித்தது தெரிந்ததும் ராடை மேலே தூக்காதீர்கள். இடக்கையால் லைனைச் சுருக்கென்று இழுங்கள். முள் பதியவில்லை என்றாலும் ஃபிளை தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் மறுபடியும் வந்து கவ்வும்.

பதில்: பவானியிலிருந்து

இவ்வளவு நேரம் லைனைப் பற்றிப் பேசியதில் ஒன்றை யாரும் சொல்லவில்லை. தோட்டத்துக் குட்டை என்றால் மோட்டாருக்குப் போகும் மின்கம்பி பக்கத்திலேயே இருக்கும். ஃபிளை ராடு கார்பன் இழையால் ஆனது, மின்சாரம் பாயும். ஈரமான லைன் கம்பியில் பட்டாலும் ஆபத்துதான். பின்வீச்சு போகும் இடத்தில் கம்பி இருந்தால் அந்தக் கரையில் நிற்கவே வேண்டாம். கைப்பழக்கம் வந்தபின் கீழ்பவானி வாய்க்காலுக்குப் போகத் தோன்றும். தண்ணீர் விட்டிருக்கும் நாட்களில் கரையை விட்டு ஓர் அடிகூட உள்ளே இறங்காதீர்கள்.

பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் உரிய அனுமதி இல்லாமல் எறியக் கூடாது. மாயாறு வந்து சேரும் பக்கம் 2013இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. அங்கே போகவே கூடாது. காவிரிப் படுகைக்கே உரிய திமில் மகசீர் என்னும் மீன் அந்த மாயாற்றில் இன்னும் மிஞ்சியிருக்கிறது. 2018இல் ஐயுசிஎன் அமைப்பின் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அதைச் சேர்த்துவிட்டார்கள். அதை நிம்மதியாக விட்டுவிடுவது நம் கடமை.

கேள்வி கேட்டவர்

திருப்பூர் அக்கா சொன்ன கணக்கில் லீடர் கட்டி எறிந்தேன்; ஃபிளை தனியாகப் போய் முன்னால் விழுகிறது. ஜிலேபிகள் வரத் தொடங்கிவிட்டன. குட்டையின் கிழக்குக் கரையில் கம்பி இருப்பதால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன். கடைசியாக ஒரு சந்தேகம்: இந்தக் குளிர்நாட்டு லைனை இனி என்ன செய்வது, எப்படி வைத்திருப்பது?

பதில்: கரூரிலிருந்து

தூக்கி எறிந்துவிடாதீர்கள். மார்கழி, தை மாதங்களின் காலை வேளைகளில் நம் ஊரிலேயே அது நன்றாக ஓடும். நீலகிரியில் டிரவுட் ஓடைகளுக்கு உரிய அனுமதியோடு போக வாய்த்தால் அந்தக் குளிருக்கு அதைவிடப் பொருத்தமான லைன் கிடையாது. கழுவி, நிழலில் உலர்த்தி, ரீலில் இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையங்களாகத் தளர்வாகச் சுருட்டி, பெட்ரோலும் பூச்சி மருந்தும் வைக்காத அறையில் ஆணியில் தொங்க விடுங்கள். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே மட்டும் ஒரு நாளும் வைக்காதீர்கள். ஒரே மதிய வெயிலில் பூச்சு கெட்டுவிடும்.