கேமரா செட்டிங்கில் கோட்டை விட்ட அந்த ஒரு நாள் – சேலம், ஏற்காடு பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

நாலு ரோடு

நானே ஆரம்பிக்கிறேன். ஆறு வருடம் ஆகிறது, இன்னும் தூக்கத்தில் வருகிறது.

வாடகைக் கேமரா. வெளிநாட்டிலிருந்து வந்த உருப்படி போல, சிஸ்டம் 60-ல், அதாவது 60 ஹெர்ட்ஸ் கரண்ட் இருக்கும் நாட்டுக்கான செட்டிங்கில், கிடந்தது. பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனேன். விடியற்காலை 4:30 முகூர்த்தம். அஸ்தம்பட்டி பக்கம் பழைய மண்டபம், கூரை முழுக்க சோக் போட்ட ட்யூப்லைட். ஷட்டர் 1/60 விநாடி. கையளவு ஸ்கிரீனில் ஏதோ மினுங்கியது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய டி.வி. வைத்து என் கேமராவிலிருந்து லைவ் போகிறது. கெட்டிமேளம் கொட்டுகிறார்கள், மாப்பிள்ளை கையில் தாலி. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர், கை கழுவிய ஈரத்தோடு என் தோளைத் தட்டுகிறார். “தம்பி, டி.வி.ல பொண்ணு மூஞ்சி மேல பட்டை பட்டையா ஓடுதே, அது என்ன?”

திரும்பவும் முடியவில்லை, ஷட்டரைத் தொடவும் முடியவில்லை. மூன்று முடிச்சும் பட்டையோடுதான் பதிவானது. அந்த ஈரக் கை சட்டையில் பட்ட ஜில்லிப்பு இப்போதும் தெரிகிறது.

ட்ரைபாட் சித்தப்பா

தம்பி, 60-ல் கிடந்தது குற்றமில்லை. ஷட்டரை 1/60-ல் விட்டதுதான் குற்றம். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட ட்யூப் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். 1/50 வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு மினுக்கு விழும், 1/100 வைத்தால் ஒன்று. கணக்கு சரியாகிவிடும், பட்டை வராது. 30 ஃப்ரேமில் எடுத்தாலும் இதே கதைதான். அடுத்த தடவை கேமராவைக் குறை சொல்லாதீர்கள்.

என் கதை சின்னது. சூரமங்கலத்தில் ஒரு ரிசப்ஷன், மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. வால், சுவர் அளவுக்குத் திரை. நான் சொன்ன இதே 1/50-ல் வைத்தும் கோடு ஓடியது. ஆபரேட்டர் பையன் வந்து, “அண்ணா, வால் வேற கணக்குல மினுக்கும்ணா” என்று சிரித்தான். மெனுவில் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் வசதி இருக்கிறது. அதைத் தேடி எடுத்து, கோடு நிற்கும் இடத்தில் நிறுத்துவதற்குள் கேக்கை வெட்டிவிட்டார்கள்.

அது கிடக்கட்டும். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கேமரா வந்த அன்றே மெனுவுக்குள் போய் டீட்டெயிலைக் குறையுங்கள். கம்பெனியில் வைத்து அனுப்பும் கூர்மை ரொம்ப அதிகம். மூக்குத்தியைச் சுற்றி வெள்ளைக் கோடு, தலைமுடி எல்லாம் கம்பி. ‘வீடியோ மாதிரி இருக்கு’ என்று ஜனங்கள் சொல்வது பாதி இதைத்தான். அடுத்து கெயின், அதாவது சிக்னலை ஏற்றிப் படத்தை வெளிச்சமாக்கும் செட்டிங். 6 டி.பி. ஏற்றினால் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்கும், ஆனால் பொரி பொரியாகப் புள்ளியும் வரும். 18-ல் வைத்துவிட்டு கேமரா சரியில்லை என்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சின்ன சென்சார் கேமராவில் ஐரிஸை, அதாவது லென்ஸ் துவாரத்தை, எஃப் 8-க்கு மேல் மூடாதீர்கள், படம் மழுங்கிவிடும், வெயிலுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரைப் போடுங்கள். 1/4, 1/16, 1/64 என்று மூன்று இருக்கும், அதாவது 2, 4, 6 ஸ்டாப். வெயில் கூடினால் ஷட்டரை 1/1000-க்கு ஏற்றுகிற பழக்கத்தை விடுங்கள். மேளக்காரர் கை வெட்டி வெட்டிப் போகும். கலர் விஷயத்தில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பவே கூடாது. பெண் கூறைப்புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் போதும், பின்னால் இருக்கும் சுவரும் நிறம் மாறிவிடும். வெள்ளைப் பேப்பரைக் காட்டி செட் பண்ணுங்கள். பேப்பர் இல்லையா, கல்யாணப் பத்திரிகைக்குப் பின்பக்கம் இருக்கிறது. ஆனால் சந்தனக் கலர் பத்திரிகை ஆகாது, அதையும் பார்த்துவிட்டேன்.

மலையிறங்கி

சித்தப்பா, ஒரு மெனுவிலும் இல்லாத பிரச்சினை என்னுடையது.

ஏற்காட்டில் இரவு தங்கி, பகோடா பாயிண்ட்டில் விடியலை எடுத்தோம். கேமரா ராத்திரி முழுக்க ஜன்னலோரம் இருந்து ஐஸ் மாதிரி ஆகியிருந்தது. பையில் போட்டு, 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, நேராக சேலம் மண்டபத்துக்கு வந்தோம். ஐப்பசி மாதம், மழை ஈரம், வாசல் பக்கத்திலேயே சமையல் கொட்டகை. பையைத் திறக்கவும் மாப்பிள்ளை கார் வரவும் சரியாக இருந்தது.

புரை விழுந்த கண் மாதிரி வெளுத்துவிட்டது லென்ஸ். துடைத்தேன், மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தேன். நாதஸ்வரம் காதைக் கிழிக்கிறது, மாப்பிள்ளை இறங்குகிறார், ஸ்கிரீனில் வெள்ளை மேகத்துக்குள் ஒரு தலைப்பாகை மட்டும் அசைகிறது.

இதில் என்னை உறுத்துவது வேறு. பெண் வீட்டாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ‘கனவு மாதிரி இருக்குங்க’ என்றார்கள். தங்கை கல்யாணத்துக்கும் என்னையே கூப்பிட்டு, “அந்த என்ட்ரி எஃபெக்ட் மறக்காம போட்ருங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். வருகிற தையில் கல்யாணம். இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

பீட்டா காலத்து ஆள்

பையைத் திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்தால் கேமரா மெதுவாகச் சூடாகி, பனி படியாது தம்பி. அவசரப்பட்டுவிட்டீர்கள்.

எனக்கும் மலைதான். மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழா, தோள் கேமரா. சேலம் வெயிலில் வேன் டிக்கியில் வெந்த லென்ஸ், மேலே போனதும் குளிர்காற்று. சாமி தூக்குபவர் முகத்தில் நெருக்கமாக வைத்து, நெற்றி வியர்வை தெரியும்படி ஃபோகஸ் பிடித்து, மெதுவாக விரித்தேன். கூட்டம், மலை, பள்ளத்தாக்கு, மொத்தமும் வந்தது. அன்றைக்கு நான் எடுத்த நல்ல ஷாட் என்று நினைத்தேன்.

கேபிளில் போட்டவர் ராத்திரி கூப்பிட்டார். “அண்ணே, ஒவ்வொரு தடவை விரிக்கும்போதும் மூக்குக்கண்ணாடியைக் கழட்டின மாதிரி இருக்குண்ணே.” பேக் ஃபோகஸ், அதாவது லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, நகர்ந்திருக்கிறது. கறுப்பு வெள்ளை வியூஃபைண்டரில் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் சேலம் போகிற பஸ்ஸின் போர்டைப் பார்த்துச் சரிசெய்தேன். ஐரிஸை முழுக்கத் திற. கிட்ட இழுத்து, சாதா ஃபோகஸ் வளையத்தில் எழுத்தைக் கூர்மையாக்கு. அப்புறம் விரித்து, பின்னால் இருக்கும் பேக் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பு. இரண்டும் ஒத்துவரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நான் பாதி செய்யும்போதே டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டார்.

சித்தப்பாவுக்கு ஒன்று. டீட்டெயிலைக் குறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள். அன்றைய கேபிளில், வீட்டு டி.வி.யில், டீட்டெயில் இல்லாத படம் மாவு மாதிரி இருக்கும். எங்கே ஓடப்போகிறது என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

அம்மாப்பேட்டை எடிட்டர்

நான் எடுக்கிறவள் இல்லை, வெட்டி ஒட்டுகிறவள். அன்று கேமரா அண்ணாவுக்குக் காய்ச்சல், வேறு வழியில்லாமல் நான் நின்றேன்.

‘முகத்தில் 70 ஜீப்ரா வந்தால் எக்ஸ்போஷர் சரி’ என்று எங்கேயோ கேட்டு வைத்திருந்தேன். ஜீப்ரா என்றால், நாம் வைத்த வெளிச்ச அளவு வரும் இடத்தில் ஸ்கிரீனில் தெரியும் கோடு. பெண் மாநிறம், அரக்குப் பட்டு. முகத்தில் கோடு வரும்வரை ஐரிஸைத் திறந்துகொண்டே போனேன். வந்தது. மாப்பிள்ளை வேட்டியில் கோடே இல்லை, அதுவும் சரி என்று இருந்தேன். அந்தக் கேமராவில் 70 ஜீப்ரா, 70-ஐ ஒட்டிய இடத்தில் மட்டும்தான் கோடு காட்டும்; அதற்கு மேலே எகிறிப்போனால் காட்டாது. இது பிறகுதான் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளையின் அப்பா பார்க்க வந்தார். தறிக்காரர். சேலம் வெண்பட்டு. அந்த வேட்டியை மகனுக்காக அவரே நெய்திருக்கிறார். ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். மாப்பிள்ளை இடுப்புக்குக் கீழே வெறும் வெள்ளை ஓட்டை, அதில் கரை மட்டும் மிதக்கிறது.

“வேட்டி தெரியுது. நெசவு எங்கம்மா?”

கம்ப்யூட்டரில் ஹைலைட்டை, அதாவது வெளிச்சமான இடங்களை, இறக்கினேன். வெள்ளை சாம்பலாகி ஈர சிமெண்ட் மாதிரி ஆனதே தவிர, ஒரு இழை வரவில்லை. பதிவாகாததை எங்கிருந்து எடுப்பது? அவர், “பரவால்ல கண்ணு, பொண்ணு லட்சணமா விழுந்திருக்கு” என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

70 என்பது வெளுத்த தோலுக்கான கணக்கு. நம் ஆட்களுக்கு 50, 60 போதும். இப்போது யார் மெமரி கார்டு கொண்டுவந்தாலும் ஜீப்ராவை 100-ல் வைத்தீர்களா என்று முதலில் கேட்கிறேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள்.

லாக் தம்பி

அக்கா, லாக்கில், அதாவது பிறகு கலர் பண்ணுவதற்காக வெளிறிய படமாகப் பதிவு செய்யும் முறையில், எடுத்திருந்தால் வேட்டி தப்பித்திருக்கும். நான் எல்லாமே எஸ்-லாக்3-தான். ஹைலைட்டுக்கு அவ்வளவு இடம் கொடுக்கும். எல்லாரும் இனிமேல் லாக்கிலேயே எடுங்கள்.

எனக்கு நடந்தது: ஏற்காடு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்டில் வெயிலுக்குப் போட்ட என்.டி. 1/64-ஐ எடுக்காமல் மண்டபத்துக்குள் வந்துவிட்டேன். இருட்டாக இருக்கிறதே என்று ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொண்டே போனேன். பாதி ரிசப்ஷன் முடிந்த பிறகுதான் அந்தச் சக்கரத்தில் கை பட்டது.

அம்மாப்பேட்டை எடிட்டர்

தம்பி, உங்கள் கேமரா 10 பிட், நிறத்துக்கு நிறையப் படிகள் இருக்கும். அன்று என் கையில் இருந்தது 8 பிட். அதில் லாக் போட்டு எடுத்து, கலர் பண்ணும்போது மண்டபத்துச் சுவர் படிக்கட்டு படிக்கட்டாக வந்ததை இதே கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறேன். தவிர, லாக்கில் வரும் கார்டு பாதிப்பேர் வேண்டுமென்றே இருட்டாக எடுத்துக் கொடுக்கிறார்கள். நிழல் முழுக்கப் புள்ளி. கொஞ்சம் வெளிச்சமாக எடுங்கள், வேட்டி எகிறாத அளவுக்கு. அந்த என்.டி. கார்டை வெட்டியவர் யார் என்று சொல்லுங்கள், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும்.

நாலு ரோடு

எடிட்டர் அக்கா, அந்த அய்யாவுக்கு அப்புறம் ஏதாவது செய்தீர்களா?

அம்மாப்பேட்டை எடிட்டர்

வேட்டியைக் கேட்டு வாங்கி வந்தேன். காலை ஏழு மணி வெயிலில் மாடிக் கொடியில் போட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று, ஜீப்ரா 100-ல் வைத்து எடுத்தேன். மடிப்பு நுனியில் இரண்டு இடத்தில் கோடு வந்தது, ஐரிஸை இன்னும் கொஞ்சம் மூடினேன். இழை இழையாக விழுந்தது. தாலி கட்டும் காட்சிக்கு முன்னால் எட்டு விநாடி சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. பென் டிரைவை மகன்தான் வந்து வாங்கிப் போனார்.