ஓல் சீசன் ரயர் ஒன்றே போதுமா?

ஸ்காபரோ_வாசி:
2018 கொரோலா, ரயர் அளவு 205/55 ஆர் 16. காரோடு உள்ள ஓல் சீசன் (பொதுவான) ரயர்கள் நாலும் தேய்ந்துவிட்டன. பிள்ளைகள் இரண்டு பேர். கொண்டோவில் இன்னொரு செட் வைக்க இடமில்லை. ஒன்ராறியோவில் வின்ரர் (குளிர்கால) ரயர் கட்டாயம் இல்லைத்தானே, மறுபடி ஓல் சீசனே போடட்டா? நத்தாருக்கு மொன்றியல் போவோம்.

மார்க்கம்_அண்ணன்:
வேண்டாம் தம்பி. 7 பாகை செல்சியஸுக்குக் கீழே அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். பனியே இல்லாத வீதியிலும் பிடிப்புக் குறையும். ரயரின் பக்கவாட்டில் உள்ள 'எம் பிளஸ் எஸ்' (சேறும் பனியும்) எழுத்தை நம்பாதீர்கள். பள்ளங்களின் அமைப்பைப் பார்த்துக் கம்பனியே போடும் குறி அது, பனியில் ஓட்டிச் சோதித்ததற்கு அத்தாட்சி இல்லை. தனி றிம்மோடு நாலு வின்ரர் ரயர் வாங்குங்கள்.

பிரம்ரன்_ஓட்டுநர்:
இடமில்லை என்று சொல்பவரிடம் இரண்டு செட் வாங்கச் சொல்கிறீர்களே அண்ணா! மலைச் சிகரமும் பனிப்பூவும் சேர்ந்த குறி போட்ட ஓல் வெதர் ரயர் இருக்கிறது, அது ஓல் சீசன் அல்ல. மிச்செலின் குறொஸ்கிளைமேற் 2, நோக்கியனின் சில வகைகள் அப்படியானவை. வருடம் முழுக்க ஓடலாம், கழற்றிப் பூட்டும் செலவும் இல்லை. மொன்றியல் உள்ள கியூபெக்கின் வின்ரர் ரயர்ச் சட்டமே அந்தக் குறியை ஏற்கிறது.

மார்க்கம்_அண்ணன்:
கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை உள்ள அந்தச் சட்டம் அங்கே பதிந்த கார்களுக்குத்தான், இவரைக் கட்டுப்படுத்தாது. பனிப்பூக் குறிக்கான சோதனையோ இறுகிய பனியில் கார் எப்படி இழுத்துக் கிளம்புகிறது என்பதைத்தான் அளக்கிறது. கண்ணாடிப் பனியில் பிரேக் பிடிப்பதை அது அளப்பதே இல்லை. கிங்ஸ்ரன் தாண்டி கோர்ன்வோல் வரை 401 நெடுஞ்சாலையில் உறைமழை (விழுந்ததும் உறையும் மழை) பெய்தால் எது வேண்டும் என்று யோசியுங்கள்.

பிரம்ரன்_ஓட்டுநர்:
உறைமழைக்கு எந்த ரயரும் போதாது. அன்றைக்குப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். மற்ற நாட்களில் 401இல் உப்புப் போட்டுப் பனியை வழித்துவிடுகிறார்கள்.

நேர்ஸ்_அக்கா:
பயணத்தைத் தள்ளலாம், வேலையைத் தள்ள முடியாது தம்பி. விடிய முன்னம் வெளிக்கிடுகிறவர்களுக்கு உள்வீதிகள் வழித்திருக்காது. ஸ்காபரோ, உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருக்கிறீர்களா? இல்லையென்றால் ஓல் வெதர் நல்ல தெரிவு. இருந்தால் வின்ரர் ரயர்தான். கழற்றிய செட்டைப் பல கடைகள் காசுக்கு வைத்துத் தரும். 2016இல் இருந்து ஒன்ராறியோ இன்சூரன்ஸ் கம்பனிகள் வின்ரர் ரயருக்குக் கட்டணக் கழிவு கொடுக்க வேண்டும், அதையும் கேளுங்கள்.

ஸ்காபரோ_வாசி:
மனைவிக்கு ஏஜக்ஸில் காலை 6 மணிக்கு வேலை தொடங்கும். அப்போ வின்ரர் செட்தான், கடையில் வைக்கிறேன்.

பிரம்ரன்_ஓட்டுநர்:
அவவின் நேரத்தை முதலே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். மற்றவர்களுக்கு நான் இன்னும் ஓல் வெதர்தான் சொல்வேன்.

மார்க்கம்_அண்ணன்:
வாங்கும்போது ரயரின் பக்கவாட்டில் உள்ள 'டொட்' எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள் தம்பி. 2325 என்றால் 2025இன் 23ஆம் கிழமை செய்தது. பழைய கையிருப்பைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.