ஐபி பள்ளியில் தொடக்க வகுப்பு: பாடப்புத்தகம் இல்லாமல் எப்படி?

கேள்வி:
மகள் சென்னையில் சிபிஎஸ்இ 2ஆம் வகுப்பு முடிக்கிறாள். வேலை மாற்றலில் துபாய் போகிறோம், அங்கே ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் என்ற சர்வதேசக் கல்வித் திட்டம்) பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. புத்தகம் இல்லை, பெரிய பரீட்சை இல்லை என்கிறார்கள். வாய்ப்பாடெல்லாம் யார் சொல்லித் தருவார்கள்? பாதியில் ஊர் திரும்பினால் சமாளிப்பாளா?

பதில் 1:
பயப்படாதீங்க. ஐபியின் தொடக்கநிலைத் திட்டமான பிஒய்பி (Primary Years Programme) 1997-இல் வந்தது, 3 முதல் 12 வயதுவரைக்கானது. மொத்தம் 6 பொதுக் கருப்பொருள்களைச் சுற்றித்தான் பாடம் நடக்கும். உதாரணமாக, தண்ணீரைப் பற்றி எடுத்தால் அறிவியல், கணக்கு, எழுத்து எல்லாம் அதை ஒட்டியே வரும், கடைசி வருஷம் பிள்ளைகளே ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய்ந்து எல்லார் முன்னாலும் விளக்க வேண்டும், அதில் வரும் தைரியம் மனப்பாடத்தில் வராது.

பதில் 2:
அது சரி, ஆனால் பிஒய்பி ஒரு சட்டகம்தான். உள்ளே எதைக் கற்பிப்பது என்பதைப் பெரும்பாலும் பள்ளியே முடிவு செய்கிறது, அதனால் பள்ளிக்குப் பள்ளி மாறும். கணக்குக்குத் தனி நேரம் உண்டா, எழுத்துப் பயிற்சி எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். திரும்பி வருவது உறுதியென்றால் அங்கேயே சிபிஎஸ்இ பள்ளிகள் நிறைய இருக்கின்றன, அதையும் பாருங்கள். அப்புறம் தமிழ் எழுதப் படிக்க வீட்டில் தினமும் கொஞ்சம் உட்கார வையுங்கள், விட்டால் போய்விடும்.

கேட்டவர்:
நன்றி. கணக்கு விஷயத்தை நாளைக்கே பள்ளியில் கேட்கிறேன்.