வீட்டில் டிரம்ஸ் ரெக்கார்டிங்: இரண்டு மைக்கையும் சேர்த்தால் கிக் காணாமல் போகிறது, உதவி தேவை

மாடிவீட்டு டிரம்ஸ்:
மதுரை வில்லாபுரத்தில் மாடி அறை. 12க்கு 10 அடி, உயரம் 9.5 அடி, மேலே கான்கிரீட், கீழே மொசைக். ஐந்து உருப்படி டிரம் செட், கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 22 அங்குலம். இரண்டு மைக் உள்ளீடு இருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஜோடியாக விற்கும் பென்சில் கண்டென்சர் மைக், லேப்டாப்பில் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள். ஒரு மைக் ஸ்னேருக்கு (அடியில் கம்பி கட்டிய சின்ன டிரம்) நேர் மேலே 82 செ.மீ உயரத்தில். இன்னொன்று ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் டிரம்) பக்கம், ஸ்னேரின் நடுவிலிருந்து 117 செ.மீ.

தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே பரவாயில்லை. இரண்டையும் நடுவில் வைத்துச் சேர்த்தால் ஸ்னேர் தகர டப்பா மாதிரி இருக்கிறது, கிக்கில் 'டிக்' மட்டும் மிச்சம், அடிவயிறு இல்லை. ஹெட்போனில் இடது வலது என்று பிரித்து வைத்தால் இவ்வளவு மோசமில்லை.

கையில் 8,000 ரூபாய் இருக்கு. ஏழு மைக் வரும் டிரம் மைக் பெட்டி வாங்கலாமா? இல்லை, சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டணுமா?

ஒலிக்கணக்கு:
இரண்டும் வேண்டாம். ஏழு மைக் வாங்கினால் ஏழு உள்ளீடு வேண்டும், உங்களிடம் இருப்பது இரண்டு. 'யுஎஸ்பி மிக்சர்' என்று எட்டு சானலோடு விற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். விலை குறைந்தவற்றில் பெரும்பாலானவை எட்டையும் கலந்து இரண்டு டிராக்காகத்தான் கணினிக்கு அனுப்பும், பிறகு தனியே பிரிக்க முடியாது. யுஎஸ்பி மைக் இரண்டு வாங்கிச் செருகுவதும் ஆகாது. ஒவ்வொன்றும் தன் கடிகாரப்படி ஓடும், பாட்டு முடிவதற்குள் இரண்டும் விலகிப் போகும்.

உங்கள் சிக்கல் 82க்கும் 117க்கும் நடுவே இருக்கிறது. வித்தியாசம் 35 செ.மீ. நம் ஊர் 32 டிகிரியில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். அப்படியானால் ஸ்னேர் அடி இரண்டாவது மைக்குக்கு 1 மில்லிசெகண்ட் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. இரண்டையும் கூட்டும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அழித்துப் பள்ளம் விழும். தகர டப்பா அங்கிருந்துதான் வருகிறது.

கொத்தனார் மட்டம் பிடிக்கும் நைலான் நூல் 3 மீட்டர் எடுங்கள். பூக்கட்டும் நூல் வேண்டாம், இழுத்தால் நீளும். ஒரு முனையை ஸ்னேர் தோலின் நடுவில் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுமுனையைக் கிக்கில், பெடலின் பீட்டர் வந்து படும் இடத்தில் ஒட்டுங்கள். முதல் மைக் ஸ்னேருக்கு மேலே இரண்டு குச்சி நீளத்தில், அதாவது ஏறக்குறைய 80 செ.மீ. நூலின் இரண்டு பக்கமும் விறைப்பாக இருக்கும்படி மைக்கின் முகப்பில் கிள்ளிப் பிடித்து, அந்த இடத்தில் பேனாவால் குறியுங்கள். அந்தக் குறியை விடாமல், வாசிப்பவரின் வலது தோளுக்கு மேலாகக் கொண்டு போங்கள். இரண்டு பக்கமும் மறுபடி விறைக்கும் இடத்தில் இரண்டாவது மைக், ஸ்னேரைப் பார்த்தபடி. இப்போது ஸ்னேரும் கிக்கும் இரண்டு மைக்குக்கும் ஒரே தூரம். டிரம்மர்கள் 'ரெக்கார்டர்மேன்' என்று சொல்லும் முறை இதுதான்.

அளப்பது மைக்கின் கேப்ஸ்யூல் (முகப்பில் ஒலியை வாங்கும் பகுதி) வரை. ஸ்டாண்ட் கிளிப் வரை அளந்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. 1 செ.மீ முன்னே பின்னே போனால் குடி முழுகாது.

பழைய ஈயம்:
ஸ்னேருக்குச் சொன்னது சரிண்ணே. கிக்குக்கு அந்தக் கணக்கு ஒட்டலையே. 60 ஹெர்ட்ஸோட அலைநீளம் கிட்டத்தட்ட 5.8 மீட்டர். 35 செ.மீங்கறது அதுல பதினாறுல ஒரு பங்கு. இன்னும் ஒரு அடி கூடுனாலும் அம்புட்டு அடிவயிறும் அழியாது. அடித்தொனி மொத்தமா போகுதுன்னா ஒரு மைக்கோட சிக்னல் தலைகீழா வருதுன்னுதான் அர்த்தம். அப்படி இருந்தா உங்க பள்ளமும் 500ல விழாது, 1000ல விழும்.

தம்பி, புதுசா எதையும் ரெக்கார்ட் பண்ணாதீங்க. இருக்கிற டிராக் ரெண்டுல ஒண்ணுல மட்டும், அலையைத் தலைகீழாக்குற ஃபேஸ் பொத்தானை, வட்டத்துல கோடு போட்டிருக்கும், அமுக்கிக் கேளுங்க. கிக் திரும்பி வருதா?

அப்புறம் ஒரு கேள்வி, கேபிள் கடையில ரெடியா வாங்குனதா, ஈயம் வச்சுக் கட்டுனதா?

மாடிவீட்டு டிரம்ஸ்:
வந்துருச்சுண்ணே! பொத்தானை அமுக்கின உடனே கிக் வயிறோட வருது. கேபிள் ரெண்டும் கட்டினது. ஆனா மைக் ரெண்டும் நல்லாத்தான் வேலை செய்யுது, பேன்டம் பவரும் (கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியா ஏறுற மின்சாரம்) போகுது. அப்புறம் கேபிள் எப்படித் தப்பா இருக்கும்?

பழைய ஈயம்:
அதனாலதான் இந்தத் தப்பு வருஷக்கணக்கா மறைஞ்சு கிடக்கும். எக்ஸ்எல்ஆர்ங்கற மூணு பின் மைக் முனையில 1 ஷீல்டு, 2 ஹாட் (நேர் சிக்னல்), 3 கோல்டு (தலைகீழ் சிக்னல்). பேன்டம் 48 வோல்ட் 2லயும் 3லயும் ஒரே மாதிரி ஏறுது, திரும்புறது 1 வழியா. 2ம் 3ம் இடம் மாறினாலும் மைக் உயிரோடதான் இருக்கும், இரைச்சலும் வராது. அலை மட்டும் தலைகீழ். ஒரே ஒரு மைக்கா இருக்கறவரைக்கும் காதுக்குப் பிடிபடாது.

ஆண் முனையிலயும் பெண் முனையிலயும் எண்கள் கண்ணாடி பிம்பம் மாதிரி எதிரெதிரா இருக்கும். ஈயம் வைக்கிறவர் எண்ணைப் பார்க்காம 'இடப்பக்கம் சிவப்பு'ன்னு ரெண்டு முனையிலயும் வச்சா கதை முடிஞ்சது. பின் பக்கத்துல ஒவ்வொரு கப்புக்கிட்டயும் எண் பொறிச்சிருக்கும், டார்ச் அடிச்சுப் பாருங்க.

மல்டிமீட்டரை பீப் சத்தத்துல வச்சு, ஒரு முனை 2லிருந்து மறுமுனை 2, அப்புறம் 3லிருந்து 3. பீப் வரலைன்னா 2லிருந்து 3 தொட்டுப் பாருங்க. அங்க கத்துனா ஒரு முனையை மட்டும் பிரிச்சு மாத்தி வைக்கணும். ரெண்டு முனையையும் மாத்துனா பழைய கதைதான். 1லிருந்து 2 அல்லது 3க்குப் பீப் வந்தா ஷார்ட், அந்தக் கேபிளை இன்டர்ஃபேஸ்ல செருகாதீங்க.

ஃபேஸ் பொத்தானை அமுக்கியே காலத்தை ஓட்டலாம்தான். ஆனா நாளைக்குக் கேபிள் மாறிப் போனா எந்த டிராக்குக்கு அமுக்கணும்னு மறந்துரும்.

தோல்வாத்தியம்:
மைக் பேச்சு இருக்கட்டும், தோல் எப்படி இருக்கு? தவிலுக்கு அத்தனை இழுத்துப் பிடிச்சு சுருதி பார்க்கிற ஊர்ல, டிரம்ஸ் சாவியைத் திருப்ப மட்டும் எல்லாருக்கும் சோம்பல். செட்டோட வந்த தோலையே வச்சிருந்தா, அந்த 8,000ல முதல் செலவு அதுதான். ஸ்னேர் மேல் தோல் 10 மில் (ஒரு மில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஒற்றை அடுக்கு, மேலே வெள்ளைப் பூச்சு உள்ளது. அடித்தோல் ஸ்னேருக்கென்றே வரும் 3 மில். மேல் தோலை அடியில் போட்டுவிட்டுக் கம்பி பேசலைன்னு தேடக்கூடாது.

எல்லாத் திருகையும் விரலால் முடிந்தவரை இறுக்கிட்டு, சாவியால் அரைச் சுற்று. பக்கத்துத் திருகுக்குப் போகாம எதிர்த்திருகுக்குப் போகணும். பிறகு விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி ஒவ்வொரு திருகுக்கிட்டயும் தட்டி, எல்லாம் ஒரே சுரத்துக்கு வரணும். டாமில் அடித்தோல் மேல் தோலைவிடக் கொஞ்சம் ஏற்றமா இருந்தா கூவாம நிற்கும். கிக்கில் சுருக்கம் மறைஞ்ச பிறகு கால் சுற்று போதும். உள்ளே பழைய சுங்குடிச் சேலை இரண்டைச் சுருட்டி, பீட்டர் படும் தோலை லேசாத் தொடும்படி வைங்க. தலையணையைத் திணிச்சு அடைச்சா அட்டைப்பெட்டி சத்தம்தான் வரும்.

வெயில் ஏறினா தோல் தளரும். காலையில் கட்டின சுருதி மதியம் இருக்காது, ஒவ்வொரு டேக்குக்கு முன்னாடியும் ஸ்னேரைத் தட்டிப் பாருங்க.

ஒலிக்கணக்கு:
கேபிள் விஷயத்தில் பழைய ஈயம் சொன்னதே சரி. நான் தூரத்தை மட்டும் பார்த்தேன். நூல் வேலையையும் விடாதீர்கள், கேபிள் சரியான பிறகுதான் அந்த 500 ஹெர்ட்ஸ் பள்ளம் வெளியே தெரியும்.

முட்டை அட்டை வெறும் மெல்லிய காகிதக்கூழ். மேல்தொனியில் கொஞ்சம் பிடிக்கும், கிக்குக்கும் டாமுக்கும் ஒன்றும் செய்யாது, பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதையும் தடுக்காது. தீப்பிடித்தால் சொல்லவே வேண்டாம். இலவம் பஞ்சு மெத்தை இரண்டு இருந்தால், செட்டுக்குப் பின்னால் உள்ள இரண்டு மூலைகளிலும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். பாய் உதவாது. பணம் மிச்சமானால் 50 மி.மீ ராக்வூல் பலகையை 2க்கு 4 அடி மரச்சட்டத்தில் வைத்து, வேட்டித் துணியால் மூடி, செட்டுக்கு மேலே கூரையிலிருந்து 4 அங்குலம் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். இவ்வளவு தாழ்ந்த கூரையில் சுவரை விட இதற்குத்தான் பலன் அதிகம். ராக்வூலைத் தொடும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

செட்டை அறையின் நட்டநடுவில் போடாதீர்கள். 12 அடி நீளத்தில் 48 ஹெர்ட்ஸும் 10 அடி அகலத்தில் 57 ஹெர்ட்ஸும் அறையின் சொந்தத் தொனிகள். இரண்டும் நடுவில்தான் செத்துக் கிடக்கும். கிக்கின் அடித்தொனியும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள்.

அளவு வைக்கும்போது பாட்டில் பலமாக அடிக்கும் இடத்தை அரை நிமிடம் வாசித்து, உச்சம் மீட்டரில் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். 24 பிட் ரெக்கார்டிங்கில் இது தாராளம். கெயின் குறைந்தபட்சத்தில் இருந்தும் சிவப்பு எரிந்தால் மைக்கில் உள்ள, சிக்னலைக் குறைக்கும் பேட் சுவிட்சைப் போடுங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும், மின்விசிறி நிற்கட்டும்.

பாட்டுக்குக் கிக்தான் உயிர் என்றால் இன்னொரு வழி: மேலே ஒரே மைக், கிக்குக்குள் ஒரு டைனமிக் மைக். ஸ்டீரியோ அகலம் போய்விடும். இரண்டு உள்ளீட்டுக்கு அது நியாயமான பேரம் என்பது என் கருத்து. பேன்டம் சுவிட்ச் இரண்டுக்கும் பொதுவாக இருந்தாலும், கேபிள் சரியாக இருந்தால் டைனமிக் மைக்குக்கு ஆபத்தில்லை.

மாடிவீட்டு டிரம்ஸ்:
மீட்டர் வச்சுப் பார்த்தேன். ஒரு கேபிளில் 2க்கும் 3க்கும் மாறிக் கத்துது. பெண் முனையைப் பிரிச்சு மாத்திட்டேன். நூல் கட்டி மைக்கையும் மாத்தினேன். இப்ப ஃபேஸ் பொத்தானை அமுக்கினாதான் கிக் கெடுது, அமுக்காம இருந்தா முழுசா இருக்கு. ஸ்னேர் அடியைப் பெரிசாக்கிப் பார்த்தா இரண்டு டிராக்கிலும் முதல் அலை ஒரே இடத்தில், ஒரே பக்கம்.

இப்ப புதுசா ஒண்ணு. இரண்டாவது டாம் அடிச்சா பின்னாடியே 'ஜிர்ர்'னு ஒரு சத்தம். முன்னாடி கிக் இல்லாததால கேட்கலை போல.

தோல்வாத்தியம்:
ஸ்னேர் கம்பியை லீவரைத் தட்டி இறக்கிட்டு அதே டாமை அடிங்க. சத்தம் நின்னா கம்பிதான். அடித்தோலில் கம்பியின் இரண்டு முனைக்கும் அக்கம்பக்கத்தில் இருக்கிற நாலு திருகையும் கால் சுற்றுத் தளர்த்துங்க, பாதி குறையும். முழுசா போகாது, போகவும் வேண்டாம். நிக்கலைன்னா அறைக்குள்ள வேற ஏதோ ஆடுது.

பழைய ஈயம்:
ரீப்பர்ல ஒரு சைன் தொனியை ஸ்பீக்கர் வழியா 60லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏத்துங்க. எந்த இடத்துல ஜிர்ருங்குதோ அங்க நிறுத்திட்டு ஒவ்வொரு பொருளா கையால அழுத்திப் பாருங்க, ஜன்னல் கண்ணாடி, விசிறி இறக்கை, சிம்பல் ஸ்டாண்ட் மரை. அறையில ஸ்டீல் பீரோ இருக்கா?

மாடிவீட்டு டிரம்ஸ்:
இருக்குண்ணே. 110ல ஆடுது. கதவு இடுக்கில் அட்டை மடிச்சுச் சொருகிட்டேன், பாதிதான் நின்னுச்சு.

பழைய ஈயம்:
பூட்டுல சாவிக்கொத்து தொங்குதான்னு பாருங்க.

மாடிவீட்டு டிரம்ஸ்:
தொங்குச்சு. எடுத்துட்டேன்.