கச்சத்தீவு: மீன்பிடி உரிமை போனது 1974-லா, 1976-லா?

பாம்பன்காரன்:
"1974 ஒப்பந்தத்தோடு மீன்பிடி உரிமை போயிற்று" என்று மண்டபம் வாத்தியார் நேற்று எழுதியதைப் படித்ததில் இருந்து மனசு ஆறவில்லை. இந்திராவும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட அந்த ஒப்பந்தத்தின் 5-வது பிரிவில், நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று இருக்கிறது. 6-வது பிரிவு, இரு நாட்டுப் படகுகளுக்கும் வழக்கமான உரிமை தொடரும் என்கிறது. பிடிக்கக் கூடாது என்று வந்தது 1976 மார்ச்சில், வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதத்தில். வெறும் கடிதம்!

மண்டபம் வாத்தியார்:
5-வது பிரிவில் மீன்பிடிக்கலாம் என்று எங்கே இருக்கிறது? போய்வரலாம், அவ்வளவுதான். தீவைக் கொடுத்த அன்றே எல்லாம் போயிற்று.

பாம்பன்காரன்:
நான் 6-வது பிரிவைச் சொல்கிறேன், நீங்கள் 5-லேயே நிற்கிறீர்கள். 1976 ஜனவரி 31-ல் தமிழக அரசைக் கலைத்தார்கள். நெருக்கடிநிலை வேறு. மார்ச்சில் கடிதம் எழுதும்போது சென்னையில் தட்டிக்கேட்க ஆளில்லை. டெல்லியில் முடிவெடுக்கிறவர்களுக்கு வடகடல், அதாவது இந்தப் பாக் விரிகுடா, வரைபடத்தில் ஒரு கோடு. எங்களுக்கு அது அடுப்பு எரிகிற விஷயம்.

நாட்டுப்படகு:
எந்த வருஷமானால் என்ன? கடலடியை வாரும் இழுவைமடி வலை போட்டுக் கடலை வழித்தெடுத்தது விசைப்படகுகள்தானே? இலங்கை 2017-ல் அதைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. அதைப் பேசுங்கள் அண்ணே.

பாம்பன்காரன்:
தம்பி, இதையே போன மாதமும் கொண்டுவந்து திரியைக் கெடுத்தீர்கள். மடியைப் பற்றித் தனியாகப் பேசுவோம். இங்கே பேச்சு 1976 கடிதம்.

நாட்டுப்படகு:
விசைப்படகு வைத்திருப்பவருக்கு மடி என்றாலே கோபம் வருகிறது.

மண்டபம் வாத்தியார்:
வெளிநாட்டு ஒப்பந்தம் மத்திய அரசின் அதிகாரம். மாநிலத்தைக் கேட்கவேண்டும் என்று சட்டமில்லை. ஆட்சி இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

பாம்பன்காரன்:
நிலத்தைக் கொடுக்க அரசியலமைப்பைத் திருத்தவேண்டும் என்று, மேற்கு வங்கத்துப் பேருபாரியைப் பாகிஸ்தானோடு பங்கிடுவது பற்றிய வழக்கில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது வாத்தியாரே. அதனால்தான் கச்சத்தீவு நம்முடையது என்று முடிவாகவே இல்லை, அதனால் எதையும் கொடுக்கவில்லை என்று டெல்லி சொல்லிவருகிறது. ராமநாதபுரம் ஜமீன் ஆண்ட தீவு அது!

மண்டபம் வாத்தியார்:
அப்படியென்றால் 1974-தான் தப்பு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பாம்பன்காரன்:
நான் சொல்லவில்லை. தீவு வேறு, கடல் வேறு. கடல் போனது 1976-ல். 6-வது பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள்.

மண்டபம் வாத்தியார்:
படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 1974.