வாதாடப் பிடிக்கவில்லை, சட்டப் படிப்பை வைத்து வேறென்ன செய்யலாம்?

கொள்ளிடக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அகில இந்திய பார் தேர்விலும் தேறிவிட்டேன். திருச்சியில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். மாதம் 5,000 ரூபாய் தருகிறார். சில மாதங்களில் அதுவும் பாதி பாதியாகத்தான் வரும். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது ஜூனியர்களுக்குத் தர வேண்டும் என்றது. அதைச் சொல்லிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. விடுதிக் கட்டணத்துக்கு இன்னும் அப்பாதான் பணம் அனுப்புகிறார்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வாய்தா கேட்க எழுந்து நின்றாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இரண்டு ஆண்டுகளாகியும் மாறவில்லை. ஆனால் கேஸ் கட்டைப் பிரித்து உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. எங்கள் ஊரில் முதல் வக்கீல் நான். அப்பா அதைச் சொல்லாத ஆளில்லை. நீதிமன்றத்தை விட்டுவிட்டால் படித்த படிப்பு வீணாகிவிடுமா?

சேலத்துக்காரன் எழுதியது:

வீணாகாது, சகோதரி. நான் வங்கியில் சட்ட அதிகாரி. வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐ.பி.பி.எஸ். நிறுவனம் நடத்தும் சிறப்பு அதிகாரிகள் தேர்வு எழுதி வந்தேன். சட்டப் பட்டமும் வழக்கறிஞர் பதிவும் இருந்தால் எழுதலாம், வயது 30-க்குள் இருக்க வேண்டும். முதல் பணியிடம் வெளிமாநிலமாக இருக்கலாம்; எனக்கு அப்படித்தான் அமைந்தது.

ஒன்றை மறக்க வேண்டாம். முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. உங்களுக்கு இரண்டு முடிந்துவிட்டது. அந்த எண்ணம் சிறிதாவது இருந்தால், மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டு முடிவெடுங்கள்.

தாய்ப்பத்திரம் எழுதியது:

தங்கைக்கு, 11 ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரில் நானும் இதே இடத்தில் நின்றேன். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

கட்டைப் பிரித்தால் நேரம் போவது தெரியவில்லை என்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான விடை அந்த வரியிலேயே இருக்கிறது. எனக்கு இப்போது முழுநேரமும் ஆவண வேலைதான். நிலம் வாங்குபவர்களுக்காகப் பத்திரங்களைப் பார்த்துச் சட்டக் கருத்துரை எழுதுகிறேன். தமிழ்ப் பத்திரங்களையும் சாட்சியங்களையும் மேல்முறையீட்டுக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை என்பதால் என் பதிவு அப்படியே இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். மூலத்தில் நான்கெல்லை இப்படி இருந்தது: ‘வாய்க்காலுக்குத் தெற்கு, கோயில் நிலத்துக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, தென்னந்தோப்புக்கு மேற்கு.’ மொழிபெயர்த்தவர் தெற்கெல்லை வாய்க்கால், வடக்கெல்லை கோயில் நிலம் என்று எழுதியிருந்தார். வாய்க்காலுக்குத் தெற்கே சொத்து இருக்கிறது என்றால் வாய்க்கால் சொத்தின் வடக்கெல்லை அல்லவா? நான்கு திசையும் புரண்டிருந்தது. வழக்குப் போட்ட அம்மாவுக்கு இருப்பதே அந்த மூன்று மா நிலம்தான். ஆங்கிலப் படி அப்படியே போயிருந்தால், அவர் கேட்கும் நிலம் ஒன்று, தாளில் இருக்கும் நிலம் வேறொன்று என்றாகியிருக்கும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்தான் அதை எழுதியிருந்தார். பத்திரத் தமிழ் அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பத்திரத் தமிழ், கிராமத்திலிருந்து வந்த உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் நூறு குழி ஒரு மா, ஏறத்தாழ 33 சென்ட். பசலி என்பது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு. பசலி 1370 என்று கண்டால் 590-ஐக் கூட்டுங்கள்: 1960 ஜூலை முதல் 1961 ஜூன் வரை. இவையெல்லாம் எனக்கு வகுப்பில் கிடைக்கவில்லை. ஓய்வுபெற்ற கர்ணம் (கிராமக் கணக்கர்) ஒருவர் திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

கருத்துரை எழுதுவதில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். அதில் ஒன்றுமில்லை என்று நிம்மதியடைந்துவிடக் கூடாது. பதிவாகாத உயிலும் வாரிசுப் பங்கும் அதில் வராது. பூர்வீகச் சொத்து என்றால் பெண் மக்கள் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்பதுதான் நான் தேடும் முதல் விஷயம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் மணமான மகள்களுக்கும் அதைத் தந்தது. அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்திட்டு விற்ற பத்திரங்களை நான் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

வருமானம் முதல் இரண்டு ஆண்டுகள் ஏறி இறங்கும். அதை மறைக்க மாட்டேன். அதனால் சீனியரை உடனே விட்டுவிட வேண்டாம். முதலில் உங்கள் அப்பாவின் நிலத்துக்கே ஒரு கருத்துரை எழுதிப் பாருங்கள். வாங்கப்போகும் அந்நியராக உங்களை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கருப்புக்கோட்டு எழுதியது:

அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் தொண்டை அடைப்பதை மட்டும் வைத்து நீதிமன்றத்தை விட வேண்டாம். எனக்கும் அப்படி இருந்தது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்ட உதவி எதிர்வாதத் திட்டத்தில் உதவி வழக்கறிஞராகச் சேர்ந்தேன். மூன்று ஆண்டுக்குள் அனுபவம் உள்ளவர்களையும் எடுக்கிறார்கள். குற்ற வழக்குகள் மட்டும்தான், வெளி வழக்கு எடுக்கக் கூடாது, மதிப்பூதியம் மாதாமாதம் வரும். ஜாமீன் எடுக்க ஆளில்லாத ஒருவருக்காக எழுந்து நின்றபோது குரல் தானாக வந்தது.

கொள்ளிடக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் ஆண்டை முடித்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்தேன். தாத்தா 1968-இல் வாங்கிய கிரயப் பத்திரம் கிடைத்தது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் படிக்கப் படிக்க ஒவ்வோர் எல்லையையும் கையைக் காட்டிச் சொன்னார். அக்கா, ஒரு சந்தேகம். பத்திரத்தில் உட்பிரிவு இல்லாமல் புல எண் (சர்வே எண்) மட்டும் இருக்கிறது. பட்டாவில் அதே எண்ணுக்குக் கீழே 2பி என்று இருக்கிறது, பரப்பும் 6 சென்ட் குறைகிறது. எங்கே தேடுவது?

தாய்ப்பத்திரம் எழுதியது:

1980-களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவு செய்திருப்பார்கள். தாலுகா அலுவலகத்தில் அந்தப் புல எண்ணுக்குப் கிராம நில விவரங்கள் அடங்கிய ‘அ’ பதிவேட்டின் பழைய படியும் புதியதும் கேளுங்கள், புலப்படமும் சேர்த்து. 2ஏ யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆறு சென்ட் அங்கே போயிருக்கலாம். கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள்.