உபதேசியார் சம்பளம் எங்கிருந்து வரவேண்டும்?

நெல்லிக்கனி (இழையைத் தொடங்கியவர்)

மிஷன் கமிட்டிகளில் வருடாவருடம் வரும் கேள்விதான். கையில் ஒரு தொகை இருக்கிறது. வேறொரு நாட்டில், வேறு மொழி பேசும் மக்களிடையே ஏழெட்டு இளம் சபைகள். மூன்று வழி தெரிகிறது.

(அ) அந்த ஊர் உபதேசியார் (சபையை நடத்தும் உள்ளூர் ஊழியர்) ஐந்து பேருக்கு மூன்று வருடம் மாதச் சம்பளம்.
(ஆ) பன்னிரண்டு பேர் குழுவை வருடம் ஒருமுறை இரண்டு வாரம் அனுப்புவது.
(இ) அவர்கள் மொழியில் வேதாகமப் பகுதி ஒன்றை மொழிபெயர்த்து, ஒலிப்பதிவும் செய்து கொடுப்பது.

எது, ஏன்? "ஜெபியுங்கள், கர்த்தர் காட்டுவார்" என்ற பதில் வேண்டாம். அதைச் செய்துகொண்டேதான் கேட்கிறோம்.

கூடாரத்தச்சன்

(அ) வேண்டாம். கணக்கு உதைக்கிறது.

பத்துக் குடும்பம் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுத்தால் பதினோராவது குடும்பம் ஒன்று அவர்களைப் போலவே பிழைக்கலாம். இது ஏட்டுக் கணக்கு. எல்லாரும் கொடுப்பதில்லை, விதவைகளுக்கான உதவி, பயணச் செலவு, கூரை வேலை எல்லாமே அதே பெட்டியிலிருந்துதான் போகவேண்டும். ஆகவே இருபது, இருபத்தைந்து குடும்பம் என்று வையுங்கள். அதுவும் உபதேசியாரின் சம்பளம் சபையாரின் சராசரி வருமானத்தை ஒட்டி இருந்தால்தான். வெளியிலிருந்து சம்பளம் போடுகிறவர்கள் நகரத்துக் குமாஸ்தாவை மனதில் வைத்துச் சராசரியைப் போல மூன்று மடங்கு போட்டுவிட்டால், அந்த நிமிடமே தேவை அறுபது எழுபது குடும்பமாகிவிடும். நாற்பது குடும்பம் உள்ள சபை அவரை இனி ஒருநாளும் தாங்காது. அவர்கள் ஏழைகள் என்பதால் அல்ல, நீங்கள் போட்ட எண் அப்படி.

பிறகு உபதேசியார் பணம் வரும் திசைக்கு அறிக்கை எழுதுவார். ஒரே ஆள் இரண்டு மிஷன் சங்கங்களில் சம்பளம் வாங்குவது, ஒரே ஞானஸ்நானம் இரண்டு அறிக்கைகளில் ஏறுவது எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. காணிக்கைத் தட்டு வரும்போது, "ஐயாவுக்குத்தான் வெளியிலிருந்து வருகிறதே" என்று சபை கையை மடக்கிக்கொள்ளும்.

சீனாவின் ஷாண்டோங்கில் ஊழியம் செய்த ஜான் நேவியஸ் 1890ல் சியோலுக்குப் போய் இரண்டு வாரம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். விசுவாசி தன் தொழிலிலேயே இருக்கட்டும். சபை தாங்கக்கூடிய ஊழியரையே சபை வைக்கட்டும். ஆலயத்தை உள்ளூர்ப் பொருளால் உள்ளூரார் கட்டட்டும். கொரியர்கள் வேதபாட வகுப்புகளுக்கு அரிசியைத் தாங்களே சுமந்து வந்து சமைத்துச் சாப்பிட்டார்கள். 1907ல் முதல் கொரியப் போதகர்கள் ஏழு பேருக்கு அபிஷேகம் நடந்தது. அதில் ஒருவரை அப்போதே ஜெஜு தீவுக்கு மிஷனெரியாக அனுப்பினார்கள். 1913ல் மூன்று பேரை, எங்கே தெரியுமா, ஷாண்டோங்குக்கே அனுப்பினார்கள்.

கடற்காற்று

தச்சன் அண்ணே, நேவியஸ் பெயரைச் சொன்னால் வழக்கு முடிந்துவிடும் என்று நினைப்பது மிஷன் வட்டாரத்தின் பழைய வியாதி.

அதே நேவியஸ் பல வருடம் உழைத்த ஷாண்டோங்கில் கொரியா அளவுக்கு விளையவில்லையே, ஏன்? முறை ஒன்றுதானே? கொரியாவில் வேறு காரணங்கள் இருந்தன. எளிதில் கற்கக்கூடிய ஹங்குல் எழுத்து இருந்தது. மிஷனெரிகள் நாட்டுக்குள் காலூன்றிய இரண்டு மூன்று வருடத்திலேயே, 1887ல், மிஷனெரி ஜான் ராஸும் கொரிய நண்பர்களும் மஞ்சூரியாவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்திருந்தார்கள். அது வெளிநாட்டுப் பணம், கவனியுங்கள். பின்பு 1910ல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. ஆண்ட நாடு ஒரு பக்கம், மிஷனெரியின் நாடு இன்னொரு பக்கம் என்று இருந்த அரிதான காலனி அது. 1919 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் 16 பேர் கிறிஸ்தவர்கள். இந்தக் காற்றெல்லாம் பாய்மரத்தில் அடித்தது. நீங்கள் துடுப்புக்கு மட்டும் மாலை போடுகிறீர்கள்.

நம் கதையையே பாருங்கள். 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவை அனுப்பியவர் டென்மார்க் அரசர். முதல் தமிழ்ப் போதகர் ஆரோனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது 1733ல், இருபத்தேழு வருடம் கழித்து. அதுவரை எல்லாம் வெளிப்பணம். அதனால் சபை செத்தா போயிற்று?

உங்கள் பத்துக் குடும்பக் கணக்கில் இன்னொரு ஓட்டை: தன் வயலில் விளைந்ததைத் தின்று வாழ்கிறவனுக்கு ரொக்க வருமானம் அறுவடையை ஒட்டி ஒருமுறைதான். மாதச் சம்பளம் என்ற அமைப்பே அங்கே பொருந்தாது. அவனிடம் "சுயஆதரவு" பேசுவது வசதியுள்ளவன் வயிற்றை நிரப்பிக்கொண்டு உபவாசப் பிரசங்கம் செய்வதுபோல.

கூடாரத்தச்சன்

ரொக்கம் இல்லாதவர்கள் கொடுக்கவில்லை என்று யார் சொன்னது? மிசோரமில் 1910 வாக்கில் தொடங்கிய பிடி அரிசிக் காணிக்கை இன்றைக்கும் நடக்கிறது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போடுவார்கள். அதைச் சேகரித்து விற்ற பணம் ஊழியத்துக்கு. 1960களில் வெளிநாட்டு மிஷனெரிகள் வெளியேற வேண்டி வந்தபோது அந்தச் சபை ஆட்டம் காணவில்லை. பிற மாநிலங்களுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. கொரியாவிலோ காசில்லாதவர்கள் நாளைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள்: இத்தனை நாள் என் செலவில் அடுத்த ஊருக்குப் போய் அறிவிக்கிறேன் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது.

மாதச் சம்பளம் பொருந்தாது என்பது சரி. பொருந்தாததை ஏன் வெளியிலிருந்து கொண்டுபோய்த் திணிக்கவேண்டும் என்பதுதான் என் கேள்வியும்.

ஐயவினா

சபைக்கு வெளியே நிற்பவன் நான். நீங்கள் எல்லாரும் "எந்தப் பையிலிருந்து" என்று சண்டை போடுகிறீர்கள். "போகலாமா" என்று ஒருவரும் கேட்கவில்லை.

பசிபிக்கின் அனைட்யூம் தீவில் மிஷனெரி ஜான் கெடியின் நினைவாக வைத்த பலகை, அவர் 1848ல் வந்தபோது அங்கே கிறிஸ்தவர் இல்லை, 1872ல் போனபோது அஞ்ஞானிகள் இல்லை என்கிறது. இடையில் 1861ல் வந்த தட்டம்மையில் தீவின் மக்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செத்தார்கள் என்பதைப் பலகை சொல்லாது. 2018 நவம்பரில் 26 வயது அமெரிக்கர் ஒருவர் அந்தமானின் வட சென்டினல் தீவுக்குச் சட்டத்தை மீறிப் போய் உயிரைவிட்டாரே, அவர் உயிர் பெரிதுதான். அவர் மூச்சில் எது போயிருக்கலாம் என்பது அதைவிடப் பெரிது.

மொழிச்சாளரம்

ஐயவினா, சென்டினல் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். நோய் எதிர்ப்பில்லாத சிறு இனத்திடம் இறங்குவதற்கு எந்த வசனமும் சாக்கு ஆகாது. அனைட்யூமில் தட்டம்மையைக் கொண்டுவந்தவை வணிகக் கப்பல்கள். சந்தன மரத்துக்காக அந்தக் கடலில் கப்பல்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன; மிஷனெரி போகாவிட்டாலும் அவை போயிருக்கும். இன்னொன்று: பிழைத்த அந்த ஜனங்கள்தான் கூவைமாவு தயாரித்து விற்று, தங்கள் மொழி வேதாகமத்தின் அச்சுச்செலவைக் கட்டினார்கள். திணிக்கப்பட்ட பொருளுக்கு வருடக்கணக்கில் மாவு இடிக்க மாட்டார்கள்.

இழைக்கு வருகிறேன். என் வாக்கு (இ)க்கு. மடகாஸ்கரில் 1835ல் மலகாசி வேதாகமம் அச்சாகி முடிந்தது. அடுத்த வருடத்துக்குள் முதலாம் ரனவலோனா அரசியின் ஆணையால் மிஷனெரிகள் போய்விட்டார்கள். அரசி இறந்த 1861 வரை துன்புறுத்தல். திரும்பி வந்தவர்கள் கண்டது பெருகிய சபையை. கால் நூற்றாண்டு ஒரு சம்பளமும் போகவில்லை, ஒரு குழுவும் போகவில்லை. புத்தகம் மட்டும் ஒளிந்து ஒளிந்து கைமாறியது.

வேலையின் அளவு: மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம், 678 வசனம். தாய்மொழிக்காரர் இருவர் நாளொன்றுக்குப் பத்து வசனம் வரைவெழுதினால் சுமார் 68 வேலைநாள். அது கால்வாசி வேலைதான். பிறகு குழுவுக்குள் திருத்தம். வரைவைப் பார்க்காத ஊராரிடம் வாசித்துக் காட்டி "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்பது. வேறொருவர் அதைப் பொதுமொழிக்குப் பின்மொழிபெயர்ப்பது. மூலமொழி தெரிந்த ஆலோசகர் வசனம் வசனமாகக் கேள்வி கேட்பது. ஒவ்வொன்றுக்குப் பின்னும் திருத்தம்.

பிழை ஒளியும் இடம் ஒன்றைச் சொல்கிறேன், தமிழருக்கு உடனே புரியும். "எங்கள் பிதாவே" என்கிறோம், "நம் பிதாவே" என்று ஜெபிப்பதில்லை. சொன்னால் கடவுளும் நம்மோடு சேர்ந்து யாருக்கோ பிள்ளையாகிவிடுவார். பசிபிக் மொழிகள் பலவற்றிலும் இந்த வேறுபாடு உண்டு. பாப்புவா நியூகினியின் டோக் பிசின் மொழியில் "யூமி" என்றால் நாம், "மிபேலா" என்றால் நாங்கள். ஆனால் பின்மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தில் நடந்தால் இரண்டுமே ஒரே சொல்லாகிவிடும். ஆலோசகர் தாளில் பிழையே தெரியாது, தப்பு அச்சேறிவிடும். அதனால் பின்மொழிபெயர்ப்பவரிடம் ஒவ்வொரு "நாம்", "நாங்கள்" மேலும் எண் போடச் சொல்லவேண்டும். படகில் சீஷர்கள் "மடிந்துபோகிறோம்" என்று கத்தும் இடத்தில் இயேசுவையும் சேர்த்தா, தவிர்த்தா? மூலத்தில் விடை இல்லை, தீர்மானித்தே ஆகவேண்டும். அண்ணன் தம்பி பிரச்சினையும் அப்படித்தான்: பேதுருவும் அந்திரேயாவும் யார் மூத்தவர்? தமிழ் "சகோதரன்" என்று தப்பித்துக்கொண்டது. எல்லா மொழிக்கும் அந்த வழி இல்லை.

கடற்காற்று

அருமையான பாடம். ஆனால் அச்சான பிரதிகள் பெட்டியோடு ஆலயத்தின் பின்னறையில் கறையானுக்குப் போவதையும் எழுதுங்கள். காரணங்கள் தெரிந்தவையே: எழுத்துமுறையை ஊராரிடம் கேட்காமல் முடிவுசெய்வது, ஒரு வட்டார வழக்கை மட்டும் எடுப்பது, மலைக்கு அந்தப்பக்கத்துக்காரன் "இது அவங்க பேச்சு" என்று ஒதுக்குவது, பள்ளியில் வேறு மொழி படித்தவனுக்குத் தாய்மொழியை வாசிக்கப் பழக்கமே இல்லாதது.

மொழிச்சாளரம்

எல்லாமே உண்மை. அதனால்தான் முதல் அச்சு ஐந்நூறைத் தாண்டக்கூடாது, ஒலிப்பதிவு முதலில் வரவேண்டும். மாற்கு முழுவதும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அடங்கும். ஒரு மெமரி கார்டில் கையிலிருந்து கைக்குப் போகும். வட்டார வழக்கு விஷயத்தில், வரைவுக்கு முன்பே ஒரு வழக்கில் சொன்ன கதையைப் பதிந்து மற்ற ஊர்களில் போட்டுக் கேள்வி கேட்டுப் பார்க்கவேண்டும். இதை விட்டுவிட்டு ஆரம்பித்த வேலை பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

ஆறாம்மணி

(ஆ)வை ஏன் எல்லாரும் கைகழுவிவிட்டீர்கள்? கண்புரை அறுவை செய்யும் குழு இரண்டு வாரத்தில் நூறு பேருக்குப் பார்வை கொடுக்கிறதே.

கூடாரத்தச்சன்

பதினான்கு நாளில் போக வர மூன்று நாள், களைப்பு தீர ஒரு நாள், ஞாயிறு இரண்டு. மிச்சம் எட்டு. அறுவை செய்தவரை மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் பார்க்கவேண்டும். சொட்டுமருந்து நாலு முதல் ஆறு வாரம். குழுவே ஒரு வாரப் பரிசோதனையைச் செய்வதானால் கத்தி பிடிக்க இரண்டு மூன்று நாள்தான் மிஞ்சும். அங்கேயே இருக்கும் கண் செவிலியர் ஒருவர் முதலில் இருந்தால் குழு போகலாம். இல்லாவிட்டால் தொற்று வந்த கண்ணோடு நிற்கிறவருக்குப் பதில்சொல்ல ஆள் இல்லை.

மருத்துவம் அல்லாத குழு என்றால் இன்னும் மோசம். மொழிபெயர்ப்பாளரோடு நாற்பது நிமிடப் பிரசங்கத்தில் இருபது நிமிடம்தான் விஷயம். மீதி நேரம் சுவருக்குச் சுண்ணாம்பு. அநாதை விடுதிக்குப் போய்ப் படம் எடுப்பது வேறு. 2010ல் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பின் 33 குழந்தைகளை எல்லை கடத்தப்போய்ப் பிடிபட்ட குழு நினைவிருக்கும். பல குழந்தைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள்.

ஐயவினா

நீங்கள் மெச்சிய கொரியாவிலிருந்தே 2007ல் 23 பேர் குழு ஆப்கானிஸ்தானுக்குப் போய்த் தாலிபானிடம் சிக்கியது. இருவர் கொல்லப்பட்டார்கள். சொந்தக்காலில் நின்ற சபையும் இதைச் செய்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கூடாரத்தச்சன்

சேர்க்கிறேன். சுயஆதரவு பணப் பிரச்சினைக்கு மருந்து. அவசரபுத்திக்கு அதில் மருந்து இல்லை.

கடற்காற்று

கடைசியாக ஒரு ஆள்: மேற்கு ஆப்பிரிக்கரான சாமுவேல் அஜாயி க்ரௌதர். சுயஆதரவு, சுயஆளுகை, சுயபரம்பல் என்ற மூன்றையும் பேசிய இங்கிலாந்து மிஷன் சங்கச் செயலர் ஹென்றி வென் அவரை முன்னிறுத்தினார், 1864ல் பேராயரானார். நைஜர் மிஷனை ஆப்பிரிக்கர்களே நடத்தினார்கள். 1890ல் இளம் ஆங்கிலேய மிஷனெரிகள் வந்து அவர் ஆட்களை வரிசையாக நீக்கினார்கள். அடுத்த வருடம் டிசம்பர் 31ல் இறந்தார். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு ஐரோப்பியர். சம்பளம் அல்ல, மனப்பான்மைதான் நோய். 1910ல் எடின்பரோ உலக மிஷன் மாநாட்டில் நம் தமிழர் வேதநாயகம் அசரியா எழுந்து, பொருளைக் கொடுத்தீர்கள், உயிரைக் கொடுத்தீர்கள், நட்பைக் கொடுங்கள் என்று கேட்டது இதைத்தான்.

கூடாரத்தச்சன்

அந்தக் கதையின் அடுத்த பக்கத்தையும் திருப்புங்கள். 1892ல் நைஜர் டெல்டா சபைகள் என்ன செய்தன? அவர் மகன் டேன்டிசன் க்ரௌதரோடு சேர்ந்து, "இனி எங்கள் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று தனியாக நின்றன. மனப்பான்மை மாறும்வரை காத்திருக்கவில்லை. பணத்தை நிறுத்தியதும் கட்டளையும் நின்றது.

நெல்லிக்கனி

(இ) பக்கம் சாய்கிறோம். மாற்கு, ஒலிப்பதிவு, ஐந்நூறு பிரதி.

கடற்காற்று

நல்லது. அந்த இரண்டு மொழிபெயர்ப்பாளருக்கும் சாப்பாடு போடுவது யார்? அதுவும் வெளிப்பணச் சம்பளம்தானே, தச்சன் அண்ணே?

கூடாரத்தச்சன்

சம்பளம்தான். முடியும் தேதி உள்ள சம்பளம். முதல் கடிதத்திலேயே அந்தத் தேதியைப் போடுங்கள், தொகையையும் போடுங்கள், சபை முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள். தங்க இடமும் வாசித்துச் சரிபார்க்க ஆட்களும் அங்குள்ள சபைகள் தரட்டும். தர மறுத்தால் வேலையை ஆரம்பிக்க வேண்டாம். அவர்களுக்கு அது வேண்டாம் என்று அர்த்தம்.

மொழிச்சாளரம்

அந்தக் கடிதம் அவர்கள் மொழியில் போகட்டும். தலைப்பில் "நம் மொழிபெயர்ப்பு" என்றா, "எங்கள் மொழிபெயர்ப்பு" என்றா எழுதப்போகிறீர்கள் என்பதை அனுப்புமுன் முடிவுசெய்துகொள்ளுங்கள்.